போக வேண்டாம் என்னும் பாட்டு

காதலர் கூடி மகிழ்வதைப் பாடிய புலவர் பலர். பிரிந்தபின் புலம்புவதைப் பாடியவர் அவரினும் பலர். இவ்விரண்டுக்கும் இடையே ஒரு நிலை உண்டு. ஒருவர் மனத்தளவில் எப்பொழுதோ புறப்பட்டுவிட்டார். மற்றவரோ இன்னும் அவர் கையைப் பற்றிக்கொண்டு நிற்கிறார். உறவு முறிந்துவிட்டது என்று சொல்லவும் நா எழவில்லை. நிலைத்திருக்கிறது என்று நம்பவும் நெஞ்சு துணியவில்லை. அந்த இடைநிலையில் நின்று ஒரு பெண் பாடும் பாட்டு ஒன்று மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் மாசி மாதத்து இரவுகளிலே ஒலித்து வருகிறது. காமன் கூத்தில் ரதி தன் கணவனைத் தடுத்துப் பாடும் பாட்டு அது. அந்தப் பாட்டைப் பற்றியே இன்று நேயர்களுடன் பேச விரும்புகிறேன்.

பாட்டைக் கேட்பதற்கு முன் அது ஒலிக்கும் இடத்தைச் சற்று மனக்கண்ணால் பார்த்துக்கொள்வோம். பதுளையிலிருந்து பசறை வழியாகக் கிழக்கு நோக்கிச் செல்லும் பெருவழியில் இருக்கிறது லுணுகலை. உப்புப் பாறை என்று பொருள்படும் சிங்களப் பெயர். சுற்றிலும் அடாவத்தை, ஹொப்டன் முதலிய தோட்டங்கள். ஒருபுறம் மடுல்சீமை மலைத்தொடர். சாலையோ லுணுகலையைத் தாண்டியதும் மலையை விட்டு மெல்ல இறங்கிப் பிபிலையை அடைந்து, சமவெளியிலே நீண்டு சென்று, மட்டக்களப்புக் கடற்கரையை அடுத்த செங்கலடியில் முடிகிறது. மலைநாட்டுத் தமிழரையும் கீழ்க்கரைத் தமிழரையும் ஒரே கோட்டில் இணைக்கும் இந்தச் சாலையை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னர் இதன் வழியே நாம் ஒருமுறை இறங்கிச் செல்ல நேரும்.

இத்தோட்டங்களில் உழைத்த மக்களின் முன்னோர் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை முதலிய பகுதிகளிலிருந்து வந்தவர்கள். கங்காணியின் பின்னே நடந்து வந்தபோது அவர்கள் கையில் கொண்டுவந்த பொருள் மிகக் குறைவு. தப்பு என்னும் பறையும், மாரியம்மனும், பொன்னர் சங்கர் கதையும், காமன் கதையும் அவர்களோடு வந்தன. ஏட்டிலே அல்ல, நெஞ்சிலே வந்தன. இம்மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டி 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற நூலாகத் தந்த சி. வி. வேலுப்பிள்ளையும், மலையகக் கூத்துகளை ஆராய்ந்து எழுதிய மாத்தளை வடிவேலனும் இல்லாவிடில் வெளியுலகம் இச்செல்வத்தைப் பெரும்பாலும் அறிந்தே இராது.

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தோன்றியதும் காமன் பொட்டல் எனப்படும் வெளியில் கம்பம் நடுவார்கள். அன்று முதல் முழுநிலவு வரையில் இரவுதோறும் பாட்டும் ஆட்டமும் நடைபெறும். பகலெல்லாம் மலையில் வேலை செய்து களைத்தவர்கள், லயத்திலே உண்டு முடித்துப் போர்வையைப் போர்த்திக்கொண்டு பொட்டலில் வந்து கூடுவர். ரதியாகவும் மன்மதனாகவும் வேடம் பூணுவோர் இருவரும் ஆடவரே. அவர்கள் விரதம் காக்க வேண்டும். கூத்தைப் பயிற்றுவிக்கும் ஆசிரியர் பாட்டை வரிவரியாகச் சொல்லிக் கொடுப்பார். தூதன், வீரபத்திரன், யமன், குறவன், குறத்தி என்று வேறு வேடங்களும் உண்டு. கம்பத்தை எரித்துக் காமதகனம் நிகழ்த்தும் இறுதி இரவில் தோட்டமே விழித்திருக்கும்.

கதை யாவரும் அறிந்ததே. தாட்சாயணியை இழந்த சிவபெருமான் யோகத்தில் அமர்ந்துவிட்டார். அசுரரின் கொடுமை தாங்காத தேவர்களுக்கோ சிவகுமாரன் ஒருவன் பிறந்தாக வேண்டும். ஆகவே யோகத்தைக் கலைக்குமாறு மன்மதனை ஏவினார்கள். அவன் கரும்பு வில்லை வளைத்து மலரம்பு தொடுத்தான்; நெற்றிக்கண் திறந்தது; சாம்பலானான். அச்செயல் நிகழ்ந்த தலம் மயிலாடுதுறையை அடுத்த திருக்குறுக்கை என்பர். கந்தபுராணத்தில் கச்சியப்பர் காமதகனப் படலம் என்றே ஒரு படலம் வகுத்திருக்கிறார். வடமொழியில் காளிதாசர் குமாரசம்பவத்தின் நான்காம் சருக்கம் முழுவதையும் ரதியின் புலம்பலுக்கே கொடுத்துவிட்டார்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். காளிதாசரின் ரதி, கணவன் எரிந்த பின்னர்ப் புலம்புகிறாள். தோட்டத்து ரதியும் எரிந்தபின் ஒப்பாரி வைக்கிறாள் என்பது உண்மையே. ஆனால் அவளுடைய பெரும்பாட்டு அதற்கு முன்னரே தொடங்கிவிடுகிறது. தூதன் ஓலையுடன் வந்து சேர்ந்த கணம் முதல் அவள் பாடுகிறாள். கணவன் இன்னும் எதிரே நிற்கிறான், உயிரோடு நிற்கிறான், அவன் போகவேண்டும் என்பது இன்னும் முடிவான செய்தி அன்று. முடிவாகாத அந்த இடைவேளையைத்தான் கூத்து தன் நிலமாகக் கொள்கிறது. ஏட்டுப் புலவர் விரைந்து கடந்த வாயிற்படியிலே நாட்டுப் பாடகன் பல இரவுகள் உட்கார்ந்துவிட்டான்!

அவள் என்ன பாடுகிறாள்? பாடம் தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். ஆயினும் போக்கு ஏறத்தாழ ஒன்றே. முதலில் தான் கண்ட தீக்கனவைச் சொல்கிறாள். தாலிக்கு வந்த கேட்டைக் கனவிலே கண்டவள் அதை மறைக்க முடியுமா? மன்மதன் கனவைப் பொருட்படுத்துவதில்லை. அடுத்து அறிவின் துணையை நாடுகிறாள். எதிரே அமர்ந்திருப்பவர் யார், அவர் முன்னே எரித்தவை எவை, அழித்தவர் எவரெவர் என்றெல்லாம் எடுத்துக் கூறுகிறாள். அதற்கும் அவன் மசியவில்லை. தன் அம்புக்குத் தப்பியவர் மூவுலகிலும் இல்லை என்கிறான். தேவர் ஏவலை மீறலாகாது என்கிறான். பின்னர் அவள் தன் இளமையைச் சொல்கிறாள், திருமணத்தைச் சொல்கிறாள், தன்னைக் கைப்பிடித்தபோது அவன் கூறிய சொற்களை அவனுக்கே திருப்பிக் கூறுகிறாள். பின்னும் அவன் கால் வாயிலை நோக்கியே இருக்கிறது.

இவ்விருவர் வாதத்தை உற்றுக் கேட்டால் ஓர் உண்மை புலனாகும். இருவரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசவில்லை. அவள் வீட்டைப் பற்றிப் பேசுகிறாள். அவன் உலகத்தைப் பற்றிப் பேசுகிறான். அவள் கேட்பது 'என்னை நினைத்தீரா?' என்பது. அவன் விடையளிப்பது 'என் வில்லின் ஆற்றல் அறியாயோ?' என்ற வினாவுக்கு. அதை அவள் கேட்கவே இல்லை. முறியத் தொடங்கிய உறவுகளில் எல்லாம் உரையாடல் இப்படித்தான் நடைபெறுகிறது. கேட்டதற்கு விடை வாராது. கேளாததற்கு நீண்ட விடை வரும். இதை எந்தப் பள்ளியிலும் கல்லாத ஒரு கூத்துப் புலவன் எவ்வளவு நுட்பமாகக் கண்டிருக்கிறான் என்று வியக்கத் தோன்றுகிறது.

பழந்தமிழ்ப் புலவர்களும் இத்தகைய சூழலை அறிந்திருந்தார்கள். பொருள் தேடப் புறப்படும் தலைவனைத் தடுத்து நிறுத்துவதற்குச் செலவழுங்குவித்தல் என்று ஒரு துறையே வகுத்தார்கள். கலித்தொகையில் பெருங்கடுங்கோ பாடிய பாலைக்கலிப் பாட்டுகள் முப்பத்தைந்து. அவற்றில் பலவற்றிலே தலைவிக்காகத் தோழி வழக்காடுகிறாள். அவள் சொல் கேட்டுத் தலைவன் பயணத்தைத் தவிர்ப்பதும் உண்டு. ஆனால் தொல்காப்பியர் இதைப் பற்றிக் கூறும் கருத்துச் சற்றே கசப்பானது. தலைவன் தயங்கி நிற்பது போகாமல் இருப்பதற்காக அன்று. அவளைத் தேற்றிவிட்டுப் பின்னர்ப் போவதற்கே என்கிறார் அவர். தடுத்தவள் பெற்றது வெற்றி அன்று, தவணைதான் என்றாகிறது. ரதிக்கு அந்தத் தவணையும் கிடைக்கவில்லை. அவளுக்காக வழக்காடத் தோழியும் இல்லை. தன் வழக்கைத் தானே பேசுகிறாள்.

இப்பொழுது நாம் முன்னே குறித்த சாலை வழியாக இறங்குவோம். லுணுகலையில் காமனுக்குக் கம்பம் நாட்டும் மக்களை விட்டுக் கிழக்கே சென்றால், மட்டக்களப்பு மண்ணில் ஊர்தோறும் கண்ணகி அம்மன் கோயில்களைக் காண்கிறோம். வைகாசியில் அங்கே கண்ணகி வழக்குரை பாடுவார்கள், குளிர்த்தி நடைபெறும். சாலையின் மேல்முனையில் ரதி, கீழ்முனையில் கண்ணகி. இருவருக்கும் உள்ள தொடர்பு சாலையால் மட்டும் வந்ததன்று.

சிலப்பதிகாரத்தில் கோவலன் மாதவியிடம் சென்றுவிட்டான். தனித்திருக்கும் கண்ணகியிடம் தேவந்தி என்னும் தோழி ஒரு வழி கூறுகிறாள். காவிரி கடலொடு கலக்கும் இடத்தருகே சோமகுண்டம், சூரியகுண்டம் என்று இரு பொய்கைகள் உள்ளன. அவற்றில் மூழ்கிக் காமவேள் கோட்டத்தைத் தொழுத மகளிர் கணவரோடு கூடி இன்புறுவர். நாமும் சென்று நீராடுவோம் என்கிறாள். காமவேள் வேறு யாருமல்லன். தோட்டத்துக் கம்பத்திலே நாம் காணும் அதே மன்மதன்தான். கண்ணகியும் ரதியைப் போலத் தீக்கனவு கண்டவள். அவள் அந்தத் தோழிக்குக் கூறிய விடை மிகச் சிறியது. அவ்வாறு செய்வது தமக்குப் பெருமை ஆகாது என்று சொல்லி அமைந்துவிட்டாள்.

மாதவியோ வேறொரு வழியைப் பின்பற்றினாள். புகார்க் கடற்கரையில் யாழை மாறி மாறி வாசித்துக் கோவலனும் அவளும் பாடிய கானல்வரிப் பாடல்களே அவர்கள் உறவை முறித்தன. இருவரும் தாமே புனைந்த பொருளைத் தாமே பாடினார்கள். ஒருவர் பாட்டை மற்றவர் தவறாக விளங்கிக்கொண்டார். கோவலன் எழுந்து சென்றான். அதன்பின் மாதவி தாழை மடலிலே கடிதம் எழுதி வசந்தமாலை கையில் அனுப்பினாள், அவன் ஏற்கவில்லை. பின்னர் கோசிகன் கையில் இன்னொரு கடிதம் சென்றது. காலம் கடந்து சென்றதால் அதுவும் அவனைத் திருப்பவில்லை.

ஆக, தமிழில் மூன்று பெண்கள் மூன்று விதமாக நிற்கிறார்கள். ஒருத்தி கேட்க மறுத்தாள். ஒருத்தி எழுதிக் கேட்டாள். ஒருத்தி பொட்டலில் ஊர் அறியக் கேட்டாள். இவர்களுள் கண்ணகியை உயர்த்திப் பேசுவது நம் மேடைகளில் வழக்கம். நானும் அவளை வணங்குபவனே. ஆயினும் பற்றிக்கொண்டு நிற்பவளை இழிவாக எண்ணும் மனப்பான்மை எனக்கு உடன்பாடன்று. கண்ணகிக்கு மாநாய்கன் என்னும் பெருவணிகன் தந்தையாக இருந்தான். காலிலே மாணிக்கப் பரல் பெய்த சிலம்பு இருந்தது. கேளாமல் இருக்கும் பெருமைக்கும் ஒரு சிறிது பொருள்வளம் வேண்டியிருக்கிறது.

தோட்டத்துப் பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுந்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பிராவிலே விட்டு, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறிக் கொழுந்து பறிப்பவள் அவள். 1984 ஆம் ஆண்டு வரையில் அவளுடைய நாட்கூலி ஆணின் கூலியைவிடக் குறைவாகவே இருந்தது. அக்கூலியையும் பல இடங்களிலே கணவனே கைநீட்டி வாங்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்து வந்தது. லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தம். அவன் போய்விட்டால் அவளுடன் எஞ்சுவன யாவை? எனவே அவள் 'போக வேண்டாம்' என்று கூறும்போது அதிலே காதல் எவ்வளவு, அச்சம் எவ்வளவு, பழக்கம் எவ்வளவு என்று பிரித்துக் காட்ட எவராலும் இயலாது. அவளாலும் இயலாது. ரதியின் பாட்டும் அவற்றைப் பிரித்துக் காட்ட முயல்வதில்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சிலே பாடிவிடுகிறது. எனக்கு இப்பாட்டின்மேல் மதிப்பு ஏற்படுவது இதனாலேதான்.

கூத்துக்கு வெளியேயும் இம்மக்கள் ஓலை வந்த வீட்டின் கலக்கத்தை அறிந்தவர்கள். 1964 ஆம் ஆண்டு அக்டோபர் 30 ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்குச் செல்ல வேண்டும் என்றும், 3,00,000 பேர் இலங்கைக் குடிகளாக வேண்டும் என்றும் முடிவாயிற்று. அதன்பின் வந்த ஆண்டுகளில் பெற்றோர் ஒரு நாட்டிலும் மணமான பிள்ளைகள் மறு நாட்டிலுமாகக் குடும்பங்கள் பிளவுபட்டன. மனம் ஒத்தவர்களும் பிரிந்தார்கள். மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னாரை நோக்கி அவர்களை ஏற்றிச் சென்ற புகைவண்டிக்கு மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பெயரிட்டார்கள். கையில் கடவுச்சீட்டு வந்துவிட்டது, பெட்டி கட்டியாயிற்று, ஆயினும் வண்டி நகரும் வரையில் சாளரக் கம்பியைப் பற்றியிருந்த கைகள் எத்தனை! அந்த ஆண்டுகளிலே மாசி வந்தபோது, தூதன் ஓலையுடன் பொட்டலில் நுழையும் கட்டத்தைப் பார்த்திருந்தவர்களுக்கு அது பழைய புராணமாக மட்டும் தோன்றியிராது என்றே நினைக்கிறேன்.

ரதியின் வேடத்தில் நிற்பவன் ஆடவன் என்றேன். இதைப் பெண்கள் மேடையேறாத காலத்தின் எச்சம் என்று சொல்லி விட்டுவிடலாம். ஆனால் அதனால் விளைவது ஒன்று உண்டு. விட்டுச் செல்லும் பழக்கம் உடைய ஆண்குலத்தைச் சேர்ந்த ஒருவன், விடப்படுபவளின் சொற்களைப் பல இரவுகள் தன் வாயாலே சொல்ல வேண்டியிருக்கிறது. எதிரே நின்று மறுப்பவனும் அவனுடைய தோழனே. லயத்துப் பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். தம் வீட்டுக்குள்ளே தாழ்ந்த குரலில் தாம் சொல்லும் சொற்களை, மீசை மழித்து முக்காடிட்ட ஒருவன் தப்பொலிக்கு மேலே உரத்துப் பாடுவதை அவர்கள் கேட்கிறார்கள்.

தஞ்சைப் பக்கத்துக் காமன் பண்டிகையில் ஒரு வேடிக்கையான வழக்கம் உண்டு. லாவணிப் பாடகர்கள் இரு கட்சியாக அமர்வார்கள். மன்மதன் எரிந்தே போனான் என்று சாதிப்பது எரிந்த கட்சி. எரியவில்லை என்று மறுப்பது எரியாத கட்சி. டேப்பைத் தட்டிக்கொண்டு கேள்விக்கு எதிர்க்கேள்வியாக இரவு முழுவதும் பாடுவர். கேட்போர் சிரிப்பார்கள், ஆரவாரிப்பார்கள். எனக்கோ இந்த லாவணி, கைவிடப்பட்ட ஒவ்வொருவர் நெஞ்சிலும் நடைபெறும் வழக்காகவே தோன்றுகிறது. பகலில் எரிந்த கட்சி வெல்லும். இரவில் எரியாத கட்சி மீண்டும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும்.

ரதியின் வழக்கு எவ்வாறு முடிந்தது? பின்னர்ச் சிவபெருமான் பார்வதியை மணந்தபோது, அவள் வேண்டுகோளுக்கு இரங்கி மன்மதனை எழுப்பிக் கொடுத்தார். ஆனால் ஒரு நிபந்தனையுடன் கொடுத்தார். அவன் உருவம் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தோன்றும். பிறருக்கு அவன் உருவமற்றவன், அநங்கன். இதைப் பெரும் வரமாகப் புராணிகர்கள் எடுத்துரைப்பர். வரந்தான், மறுக்கவில்லை. ஆயினும் அந்த வரத்தோடு அவள் வாழ்ந்த வாழ்க்கையைச் சற்றே எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. அவள் ஒருவனோடு பேசுகிறாள். அண்டை வீட்டார் கண்ணுக்கோ அங்கே எவரும் இல்லை. அவனுக்குச் சோறு வைக்கிறாள். உண்பவனை வேறொருவரும் பார்த்ததில்லை. முறிந்த உறவைப் பற்றியிருக்கும் பெண்ணிடம் ஊரார் கேட்பதும் இதுதானே: 'அவனிடத்தில் என்னதான் கண்டாய்?' அவள் கண்டது உண்டு. தனக்கு மட்டுமே தெரிந்த ஒருவனை, முன்னொரு நாள் இருந்த ஒருவனை, அவள் இன்னும் காண்கிறாள். அது அவளுக்கு வந்த பேறா, தண்டனையா என்று கதை கூறவில்லை.

தோட்டத்துப் பொட்டலில் இந்தக் கேள்விக்கெல்லாம் நேரம் இருப்பதில்லை. முழுநிலவு உச்சி கடந்ததும் கம்பத்துக்குத் தீ வைக்கப்படும். வைக்கோற் புரியும் வறட்டியும் பற்றி எரிய, தப்பு உச்சத்துக்கு ஏறி அடங்கும். ரதி தரையில் அமர்ந்து ஒப்பாரியைத் தொடங்குவாள். பார்த்து நிற்கும் பெண்களும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். சாம்பலை நெற்றியில் இட்டுக்கொண்டு மக்கள் லயங்களுக்குத் திரும்பும்போது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருக்கும். ரதியாக ஆடியவர் முகத்து அரிதாரத்தைக் கழுவுவார். சற்று நேரத்தில் பெரட்டுக்குப் போக வேண்டும்.